கூட்டம் இல்லாத படம்

பிப்ரவரி 6

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. கேட்டுவிட்டேன். நீயும் உன் மனைவியும் குழந்தையும் நன்றாக இருங்கள். இங்கே நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் “மீட்டிங்ல இருக்கேன்க்கா” என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இதையாவது முழுசாகப் படி.

அப்பாவுக்கு இடுப்பு வலி என்று ஸ்கேன் எடுத்தோம். கல் இருக்கும் என்று நினைத்தோம். கல் இல்லை. வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் ஓர் இடத்தில் பலூன் மாதிரி உப்பியிருக்கிறதாம். அது வெடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரக்கூட நேரம் இருக்காதாம். வயிற்றைத் திறந்து அந்த இடத்தில் வேறு குழாய் வைத்துத் தைக்கலாமாம். அதிலும் ஆபத்து உண்டாம். அந்த டாக்டர் வாயில் ‘உண்டு’ ‘இல்லை’ என்று ஒரு சொல் வரவில்லை. எல்லாமே ‘ஆகலாம்’, ‘ஆகாமலும் போகலாம்’தான்.

கடைசியில் ஒரு தாளைக் கையில் திணித்து, “படத்துல எல்லாம் தெளிவா இருக்கு, வீட்டுல வச்சு நிதானமா பாருங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். தாளில் இரண்டு கட்டம். ஒவ்வொன்றிலும் பத்து வரிசை, வரிசைக்குப் பத்துத் தலை. ‘காத்திருந்து பார்த்தல்’ என்ற கட்டத்தில் பதினெட்டுத் தலை சிவப்பு. ‘அறுவை சிகிச்சை’ என்ற கட்டத்தில் ஆறு தலை சிவப்பு. மற்றதெல்லாம் சாம்பல் நிறம். அடியில் மூலையில் எறும்பு எழுத்தில் ஒரு பெயர். பார்த்தால் உன் ஆபீஸ்!

நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீ வரைந்ததுதானே? சொல். வெட்டலாமா, வேண்டாமா? ஒரே ஒரு சொல் போதும். அப்புறம், இந்தச் சாம்பல் நிறத் தலைகள் எல்லாம் யார்? அவர்களுக்கு என்ன ஆயிற்று?

அப்பா மூன்று மாடியும் வழக்கம்போல் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார். அவரைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். குழந்தைக்குச் சளி, இப்போது பரவாயில்லை. உன் கடிதம் படித்ததிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

ஆமாம், அது எங்கள் படம்தான். தலைகளை வரைந்தது நான். நூறு தலைகளை அடுக்குவதற்குக் காரணம் உண்டு. ‘ஆறு சதவிகிதம்’ என்று சொன்னால் ஒருவருக்கு ஒன்றுமே இல்லை என்று தோன்றும், இன்னொருவருக்கு நெஞ்சு அடைக்கும். கண்ணால் பார்த்தால் அளவு சரியாக மனதில் நிற்கும். இடது கட்டம், அப்பாவைப் போன்ற நூறு பேர் ஒன்றும் செய்யாமல் விட்டால் ஐந்து வருடத்துக்குள் எத்தனை பேருக்கு வெடித்து உயிர் போகும் என்று காட்டுகிறது. வலது கட்டம், அறுவை செய்துகொண்ட நூறு பேரில் ஒரு மாதத்துக்குள் எத்தனை பேர் இறப்பார்கள் என்று. சிவப்பு என்றால் இறந்தவர்கள். சாம்பல் நிறம் என்றால் உயிரோடு இருப்பவர்கள்.

வெட்டலாமா வேண்டாமா என்பதை நான் சொல்லக்கூடாது அக்கா. அது அப்பாவின் உடம்பு, அப்பாவின் முடிவு. எங்கள் வேலையே முடிவைச் சொல்லாமல், முடிவெடுக்க உதவுவதுதான். ஒன்று மட்டும் செய். அந்தத் தாளில் என்ன போட்டிருக்கிறது என்று அப்பாவையே அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல். நாங்கள் எல்லோரிடமும் இதைத்தான் செய்யச் சொல்வோம். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் தெரியும்.

உன் கால்வலி எப்படி இருக்கிறது? தையல் கடையில் அந்தக் கட்டிங் மேசை முன்னால் நாளெல்லாம் நிற்காதே.

தம்பி

*

பிப்ரவரி 28

தம்பிக்கு,

என் கால் நன்றாகத்தான் இருக்கிறது. உன் கடிதம் படித்ததும் ரத்தம்தான் தலைக்கு ஏறிவிட்டது.

நான் ஆபீசரிடமா கேட்டேன்? அப்பா பெற்ற மகனிடம் கேட்டேன். நீ எனக்கு வகுப்பெடுக்கிறாய். பத்திரிகைக்கு வானிலைப் படம் வரைந்துகொண்டிருந்த காலத்திலிருந்தே நீ இப்படித்தான். பாதிக் குடை, முக்கால் குடை என்று வரைவாய். மழை வருமாடா என்று கேட்டால், “வரலாம்க்கா, வராமலும் போகலாம்” என்பாய். அதைச் சொல்ல ஓர் ஆபீஸ், அதற்கு ஒரு சம்பளம். அன்றைக்கு நனைந்தது துணிதான், காயப்போட்டுக்கொண்டோம். இப்போது கேட்பது உன் அப்பாவைப் பற்றி.

“அப்பாவின் உடம்பு, அப்பாவின் முடிவு” என்று எவ்வளவு அழகாகக் கையைக் கழுவிக்கொண்டாய்! படித்துவிட்டுச் சிரிப்பு வந்தது, அப்புறம் வயிறு எரிந்தது.

போகட்டும். உன் தயவு இல்லாமலே முடிந்துவிட்டது. அப்பா தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். அறுவை வேண்டாம், காத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார். அவரே பார்த்து அவரே எடுத்த முடிவு. உனக்கும் அதுதானே வேண்டும்? சந்தோஷமாக இரு.

குழந்தைக்குச் சளி இருந்தால் தலைக்கு ஊற்றாதே.

அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் எனக்குப் புதிதில்லை. திட்டு. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திட்டு.

அப்பா காத்திருக்கிறேன் என்றால் அது அவர் உரிமை. வலது கட்டத்தைவிட இடது கட்டத்தில் சிவப்பு மூன்று மடங்கு என்று தெரிந்துமா சொன்னார்? சில பேர் அப்படிச் சொல்வார்கள், தவறில்லை. இப்போதே கத்திக்குப் போவதற்குப் பதில் இருக்கிற நாளை நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பார்கள். அப்பாவும் அப்படி நினைக்கிறாரா? நீ எழுதவில்லை. அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுது. நீ சுருக்காதே, உன் வார்த்தையில் மாற்றாதே.

திருப்பிச் சொல்லச் சொன்னாயா இல்லையா? அதை மட்டுமாவது எழுது.

இங்கே எல்லோரும் நலம். குழந்தை அத்தை எப்போது வருவாள் என்று கேட்கிறது.

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

பதில் தாமதம். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடிக்க வேண்டுமாம், கடையில் யூனிஃபார்ம் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. முதலாளி இரண்டு தையல்காரர்களை நிறுத்திவிட்டு, இருக்கிறவர்கள் முதுகை ஒடிக்கிறார். காலர் அளவு தப்பிப் போய் ஒரு கட்டு முழுக்கத் திரும்பி வந்தது. நான் வெட்டியது சரி, தைத்தவன்தான் மாற்றித் தைத்தான். ஆனாலும் பேச்சு வாங்கியது நான்தான்.

வீட்டில் தண்ணீர் மோட்டார் மறுபடி படுத்துவிட்டது. கீழ் வீட்டு எலக்ட்ரீஷியன்தான் வந்து பார்த்தார். மாடிப்படி விளக்கு மூன்றில் இரண்டு எரியவில்லை. வீட்டுக்காரர் கண்டுகொள்வதாக இல்லை. லிப்ட் வைக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே வாடகையை ஏற்றுகிறார்.

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். நீ அனாவசியமாக அவரைக் கிளறாதே. காலை நடை, நியூஸ்பேப்பர், கீழ் வீட்டு எலக்ட்ரீஷியனோடு அரட்டை. முந்தாநாள் கூட அவரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். “ஆபரேஷனா? அந்தப் படத்துக்குக் கூட்டமே இல்லப்பா, ஈ ஓட்டுறாங்க” என்று. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தியேட்டரில் டிக்கெட் விற்றவர் புத்தி எங்கே போகும்!

குழந்தைக்கு ஒரு சட்டை வெட்டி வைத்திருக்கிறேன். அளவு அனுப்பு.

அக்கா

*

ஏப்ரல் 9

அக்கா,

சுகம் விசாரிக்க இப்போது எனக்குப் பொறுமை இல்லை.

கூட்டம் இல்லை என்றாரா? ஐயோ அக்கா! நீ எழுதியதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கா புரியவில்லை?

அப்பா முப்பது வருடம் தியேட்டர் கவுண்ட்டரில் உட்கார்ந்து சீட்டு விற்றவர். அவர் மேசை மேல் ஹாலின் படம் இருக்கும். வரிசை வரிசையாகக் கட்டம். விற்ற சீட்டைச் சிவப்புப் பென்சிலால் அடிப்பார். சிவப்பு என்றால் அவருக்கு ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம். நான் வரைந்ததும் வரிசை வரிசையாகத் தலைகள், அதில் சிவப்பு. டாக்டர் வேறு ‘படத்தைப் பாருங்க’ என்றிருக்கிறார். காத்திருக்கிற பக்கம் பதினெட்டுப் பேர் போயிருக்கிறார்கள், அறுவைப் பக்கம் ஆறே பேர், அது ஓடாத படம் என்று நினைத்துவிட்டார். எது அதிகம் கொல்லும் என்று காட்டின கட்டத்தைத்தான் கூட்டம் அதிகம் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்.

இது உனக்கு எப்போது தெரியும்? கேட்ட கேள்வியை விட்டுவிட்டு மோட்டாரும் மாடிப்படி விளக்கும் எழுதினாயே, அப்போதே தெரிந்துதான் எழுதினாயா? எனக்கே காது குத்துகிறாயா?

இதைப் படித்த அன்றே சொல். நீ சொல்லவில்லை என்றால், அப்பாவிடம் போன் இல்லாவிட்டாலும், நான் கீழ் வீட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்து அவர் மூலமாகச் சொல்வேன்.

தம்பி

*

ஏப்ரல் 20

தம்பிக்கு,

தெரியும்டா. முதல் நாளே தெரியும். தாளைப் பார்த்த அன்றைக்கே, “இதுக்குப் பதினெட்டுப் பேர் சீட்டு வாங்கியிருக்காங்க, அதுக்கு ஆறே பேரு, எது நல்ல படம்னு இதிலயே தெரியுதே” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், “வேண்டாம்னு சொல்லிடு” என்றார். வாயை மூடிக்கொண்டேன். அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? தெரிந்துகொள். நிம்மதியாகத்தான் இருந்தது.

ஏன் என்று கேட்க உனக்கு வாய் இருக்கிறதா? அம்மாவுக்கு இதய வால்வு மாற்றிய அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்? “நூத்துக்கு மூணு பேருக்குத்தாம்மா சிக்கல் வரும், கவலைப்படாதீங்க” என்று என்னிடம்தான் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டது நான். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நான். வெளியே வந்து “ஸாரி” என்று ஒருவர் சொன்னபோது எதிரில் நின்றதும் நான். நீ எல்லாம் முடிந்து வந்து சேர்ந்தாய். அந்த மூன்று பேரில் மற்ற இரண்டு பேர் யார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது மூன்று இல்லை. அம்மா. உன் கட்டத்தில் ஆறு சிவப்பைப் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் அம்மா முகம்தான் தெரிந்தது. நீ உட்கார்ந்து வரைந்து, வண்ணம் தீட்டி, எறும்பு எழுத்தில் பெயர் போட்டுவிட்டுப் போய்விடுவாய்.

சரி. சொல்லிவிட்டேன். நீ மிரட்டியதற்காக இல்லை. படியில் ஏறும்போது அவர் நடுவில் நின்று மூச்சு வாங்கினார், அதைப் பார்த்துச் சொன்னேன். மேலே வந்து தாளை எடுத்து மேசையில் விரித்து, இது சீட்டு இல்லை அப்பா என்று ஆரம்பித்தேன். அவருக்கு விளங்கவில்லை.

“அப்போ செவப்பு, வந்தவங்க இல்லையா?”

“இல்லப்பா. செத்தவங்க.”

விரலை வைத்து ஒவ்வொரு சிவப்பாகத் தொட்டுக்கொண்டு போனார். அப்புறம் நிமிர்ந்தார்.

“இது உனக்கு எப்பவே தெரியுமா?”

தெரியும் என்றேன். பொய் சொல்லத் தெம்பு இல்லை.

“போய் தேதி வாங்கிட்டு வா.”

அதோடு சரி. அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறார். தண்ணீர் வேண்டுமென்றால் அவரே எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார். அடுத்த மாதம் இருபத்திமூன்றாம் தேதி ஆபரேஷன். வருகிறாயா? இல்லை, அன்றைக்கும் மீட்டிங்கா?

அக்கா

*

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அம்மாவைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உன் பக்கத்தில் நான் இருந்திருக்க வேண்டும்.

சொன்னது நல்லது. அப்பா உன்னோடு பேசாவிட்டாலும், புரிந்து எடுத்த முடிவு. உனக்குப் பயமாக இருக்கும். அப்போதெல்லாம் தாளில் அந்தத் தொண்ணூற்றுநான்கு தலைகளைப் பார். அப்பா அதில் ஒருவராக இருக்கத்தான் வாய்ப்பு மிகமிக அதிகம். இப்படி உன்னிடம் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன்.

இருபத்திமூன்றுக்கு வர முயல்கிறேன். இங்கே ஒரு பெரிய வேலையை ஒப்படைக்கும் வாரம் அது. உறுதி சொல்ல முடியவில்லை.

சாம்பல் நிறத் தலைகளைப் பற்றி நீ முதல் கடிதத்தில் கேட்டாய். அதில் இன்னொன்று எழுத நினைத்தேன். இப்போது வேண்டாம், நேரில் வரும்போது பேசிக்கொள்வோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவிடம் நான் விசாரித்தேன் என்று சொல்.

தம்பி

*

ஜூன் 1

தம்பிக்கு,

நீ வரவில்லை. வருவாய் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அப்பா உயிரோடு இருக்கிறார். சந்தோஷப்பட்டுக்கொண்டாயா? இப்போது அடுத்ததைப் படி. குழாயைத் தைக்கும்போது உள்ளே இருந்த ரத்தக்கட்டி ஒன்று நழுவி வலது காலுக்குப் போய் அடைத்துக்கொண்டது. மறுநாள் கால் சில்லிட்டது. விரல்கள் கறுத்தன. என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கும் கையெழுத்துப் போட்டது நான்தான். மயக்கம் தெளிந்ததும் போர்வைக்குள் கையை விட்டுத் தடவினார். என்னைப் பார்த்தார். இத்தனை நாள் கழித்து என்னோடு பேசினார். “இதுவும் அந்தத் தாள்ல இருந்துச்சா?” என்று கேட்டார்.

தாளை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தேன். சிவப்பு இருக்கிறது. சாம்பல் இருக்கிறது. மூன்று மாடிக்கு லிப்ட் இல்லாத வீட்டில் ஒற்றைக் காலோடு உட்காரப் போகிற மனுஷனுக்கு என்ன நிறம்டா? சொல். அவர் உயிரோடுதானே இருக்கிறார், அதனால் சாம்பலா? காலையில் நடந்து வந்து பேப்பர் படிக்கிற ஆளும் சாம்பல், இவரும் சாம்பலா? நான் பிப்ரவரியில் கேட்டேனே, சாம்பல் நிறத் தலைகளுக்கு என்ன ஆயிற்று என்று. ‘உயிரோடு இருப்பவர்கள்’ என்று பூசி மெழுகினாயே!

டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். காரிடாரில் எல்லோரும் பார்க்கக் கத்தினேன். அவர் பாவம், தலையைக் குனிந்துகொண்டு, “பிழைக்கிறவங்கள்ல சில பேருக்கு இப்படி ஆகும்மா. தெரிஞ்ச விஷயம்தான். முதல்ல வந்த தாள்ல மஞ்சள் கலர்னு ஒண்ணு இருந்துச்சு, அப்புறம் வந்ததுல இல்ல. வரைஞ்சவங்களைத்தான் கேக்கணும்” என்றார்.

வரைந்தவனைக் கேட்கிறேன். மஞ்சள் எங்கே?

அக்கா

*

ஜூலை 12

அக்காவுக்கு,

எழுத இத்தனை நாள் ஆயிற்று. பலமுறை ஆரம்பித்துக் கிழித்தேன்.

மஞ்சள் இருந்தது. அறுவைக் கட்டத்தில் ஒன்பது தலை மஞ்சள். உயிர் பிழைத்து, கால் போனவர்கள், சிறுநீரகம் போனவர்கள், பழையபடி ஆகாதவர்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் மூன்று நிறம் இருந்தால் ஜனங்கள் குழம்புவார்கள், இரண்டு போதும் என்றார்கள். நான் எதிர்த்தேன். அப்புறம் ஒப்புக்கொண்டு ஒன்பதையும் சாம்பல் ஆக்கினேன். ஆபீஸ் கதை இவ்வளவுதான். அதற்காக நீ என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்வேன்.

ஆனால் பிப்ரவரியில் நீ கேட்டபோது உனக்கு எழுதியிருக்கலாம். ஆபீஸ் தடுக்கவில்லை. நானே எழுதவில்லை. மஞ்சளைச் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நீ அப்பாவை அறுவைக்கு விடமாட்டாய் என்று பயந்தேன். வெட்டலாமா வேண்டாமா என்று ஒரு சொல் கேட்டாய். என்னிடம் அந்தச் சொல் இருந்தது. வெட்ட வேண்டும் என்றுதான் முதல் நாளிலிருந்து நினைத்தேன். அப்பா வீட்டில் திடீரென்று வெடித்து விழுந்து, எனக்குப் போன் வரும் என்று நினைத்து நினைத்துச் செத்தேன். முடிவு அவருடையது என்று நல்ல பிள்ளையாக எழுதிக்கொண்டே, முடிவு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று நானும் தள்ளிக்கொண்டுதான் இருந்தேன்.

உனக்கு எழுதிய கோபமான கடிதத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. இதை அப்பாவிடம் காட்டுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

தம்பி

*

ஆகஸ்ட் 5

மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் அக்கா உன் கடிதங்களை எல்லாம் என் படுக்கையில் போட்டுவிட்டு, “படிச்சுக்கோங்க, எனக்கு ஒளிச்சு வைக்க இனி தெம்பு இல்ல” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். அவள் எழுதியதெல்லாம் உன்னிடம் இருக்கிறது. நீ எழுதியதை வைத்தே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உடம்பு பரவாயில்லை. கட்டைக்கால் மாட்டி நிற்கப் பழக்குகிறார்கள். கீழ் வீட்டு எலக்ட்ரீஷியன் வீட்டு முன்னறையில்தான் இப்போது இருக்கிறோம். மாடி ஏறி என் வீட்டைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது.

முதலில் ஒன்று. நான் உன் அக்காவோடு பேசாமல் இருந்தது கோபத்தில் என்று அவள் நினைத்தாள். பாதிதான் கோபம். மீதி வெட்கம். செத்தவனைச் சீட்டு வாங்கியவன் என்று படித்து, அதை ஊருக்கு வேறு சொல்லிச் சிரித்தேனே, அந்த வெட்கம். நான் அப்படி வெளியில் உளறிக்கொண்டு திரிந்ததை இவள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள் என்பதுதான் ஆறவில்லை.

உன் மேல் உள்ள கோபம் வேறு. ஒன்பது தலை மஞ்சள் என்கிறாய். அது தெரிந்திருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேனா, சரி என்றிருப்பேனா? இதைப் படுத்துக்கொண்டு யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. இப்போது எதை யோசித்தாலும் கால் போனவன் யோசனையாகத்தான் வருகிறது. கால் இருந்தபோது இருந்த மனுஷனைக் கேட்டிருக்க வேண்டும். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று இனி யாருக்கும் தெரியாது, எனக்கும் சேர்த்து. சரி என்றுகூடச் சொல்லியிருப்பான். அப்படிச் சொல்லிவிட்டுக் கால் போயிருந்தால், போனது என் கால், எடுத்தது என் முடிவு என்று கிடந்திருப்பேன். இப்போது அதற்கும் வழியில்லை.

நீங்கள் இருவரும் என் மேல் உயிரையே வைத்திருக்கிறீர்கள். கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது, எனக்குக் கண் தெரியாமல் இல்லை. அவளுக்கு நான் கத்திக்குப் போய்விடக் கூடாது, உனக்கு நான் வீட்டில் வெடித்துவிடக் கூடாது. அதற்காக அவள் ஒரு பக்கம் மறைத்தாள், நீ ஒரு பக்கம் மறைத்தாய். நடுவில் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஏதோ நானே முடிவெடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் பயமாக இருந்தது. எனக்கும்தான் பயமாக இருந்தது. ஒருத்தருக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொரு விஷயம். இடது காலிலும் ரத்தம் சரியாக ஓடவில்லையாம். உள்ளே குழாய் வைத்துப் பார்க்கலாமா, இப்படியே விடலாமா என்று கேட்கிறார்கள். மறுபடி ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். உன் ஆபீஸ் பெயர்தான் போட்டிருக்கிறது. உன் அக்கா அதை மடித்தபடியே என்னிடம் கொடுத்துவிட்டாள். இன்னும் பிரிக்கவில்லை.

தபாலில் எதுவும் எழுதாதே. இங்கே வந்து என் எதிரே உட்கார். அந்தத் தாளில் இருப்பதைச் சொல், அதில் விட்டதையும் சொல். உனக்கு எது வேண்டும் என்பதையும் சொல், அவளும் சொல்லட்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் சொல்கிறேன். நான் சொல்வது உங்கள் இருவருக்கும் பிடிக்காமல் போகலாம். அப்போது இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துச் சண்டை போடுங்கள், நானும் போடுகிறேன். இந்த மாதக் கடைசிக்குள் டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். வர முடியாது என்றால் முடியாது என்று இப்போதே சொல்லிவிடு. ‘முயல்கிறேன்’ என்று மட்டும் எழுதாதே.

அப்பா